வீடியோவைப் பார்த்து மகனின் காலை இழுக்கலாமா?

கேள்வி:

"என் மகனுக்கு நாலு வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். கால் இரண்டும் விறைப்பு. பிடித்தால் இருப்பான், விட்டால் சரிந்துவிடுவான். கதைக்கமாட்டான், ஆனால் நாங்கள் கதைப்பது எல்லாம் அவனுக்கு விளங்கும். செரிப்ரல் பால்ஸி என்று கிளினிக்கில் சொன்னார்கள். மாதம் ஒருமுறை கூட்டிப்போகிறேன். அங்கே சனம், எதையும் ஆறுதலாகக் கேட்க முடிவதில்லை. வீட்டுக்காரர் கட்டாரில். வேலை முடிந்து வந்து ஒவ்வொரு இரவும் ஒரு வீடியோ அனுப்புவார், 'இதைச் செய்து பார், இந்தப் பிள்ளை நடக்குது' என்று. ஒன்றை இத்தோடு அனுப்புகிறேன். பேஸ்புக்கில் இரண்டு மூன்று குரூப்பில் சேர்ந்தேன். ஒருவர் சொல்வதை மற்றவர் பிழை என்கிறார். இந்தியாவில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சுகமாகும் என்று ஓர் இடத்தில் சொல்லி ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னார்கள். காணியை ஈடு வைப்போமா என்று அவர் கேட்கிறார். ஃபோனைப் பார்த்துப் பிள்ளை வளர்க்கிறாயா என்று மாமி ஏசுகிறா. நான் யாரைத்தான் நம்புவது?"

ஒரு தாய், திருக்கோவில்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்ப்போம். காலை இழுத்து மடக்கி அகட்டும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்டெம் செல் ஊசிக்காகக் காணியை ஈடு வைக்க வேண்டாம். ஆனால் ஃபோனை விட்டுவிட வேண்டாம், உங்களுக்கு அது தேவை. வீட்டுக்காரர் கட்டாரில் இருக்க, மாதத்தில் ஒருநாள் கிளினிக்கில் அவசர அவசரமாகக் கிடைக்கும் நாலு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு பிள்ளையை வளர்ப்பது எந்தத் தாய்க்கும் லேசான காரியமில்லை. தேடிப் படிக்கிறீர்கள் என்பது நல்ல விஷயம். மாமியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நான் மட்டக்களப்பில் சிறுபிள்ளைகளோடு வேலை செய்யும் இயன்மருத்துவர், உங்கள் வாயில் சொன்னால் பிசியோ மிஸ். எங்களிடம் வரும் தாய்மார் பலர் ஃபோனை நீட்டி, "மிஸ், இதைச் செய்யலாமா?" என்றுதான் கதையைத் தொடங்குகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளையைத் தூக்குவது, இருத்துவது, சாப்பாடு ஊட்டுவது, உடுப்பு மாற்றுவது, விளையாட வைப்பது, கதைக்கப் பழக்குவது, இதெல்லாம் நல்ல இடத்திலிருந்து வந்த வீடியோவாக இருந்தால் பாருங்கள், வீட்டில் செய்தும் பாருங்கள். பிள்ளையின் உடம்புக்குள் போகிற எதையும், மூட்டை வலுவாக வளைக்கிற எதையும், காசு கேட்கிற எதையும், உங்கள் மகனைக் கையால் தொட்டுப் பார்த்த வைத்தியரிடமோ பிசியோவிடமோ கேட்காமல் செய்யக் கூடாது.

செரிப்ரல் பால்ஸி என்று ஒரே பெயர் சொன்னாலும் அந்தப் பெயருள்ள இரண்டு பிள்ளைகள் ஒன்றுபோல இருக்கமாட்டார்கள். வளர்ந்துகொண்டிருக்கிற மூளையில், பிறக்க முதலோ பிறக்கும்போதோ பிறந்து கொஞ்ச நாளிலோ ஏற்பட்ட பாதிப்பு அது. எந்த இடத்தில், எவ்வளவு பட்டது என்பதைப் பொறுத்துப் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பத்தில் எட்டுப் பிள்ளைகளளவில் விறைப்புத்தான் முதன்மையாக இருக்கும். சிலருக்குக் கையும் காலும் தங்கள் பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும், சிலருக்கு நிதானம் இராது. குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளின் மூளையில், நடுவே நீர் நிற்கும் அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதி எளிதில் பாதிக்கப்படும். கால்களுக்குப் போகிற நரம்பு வழிகள் அதற்குக் கிட்டவே ஓடுகின்றன. அதனால்தான் உங்கள் மகனைப் போன்ற பல பிள்ளைகளுக்குக் கையைவிடக் காலில் விறைப்பு அதிகம். வயிற்றில் இருக்கும்போது நீங்கள் எதையோ சாப்பிட்டதாலோ, கிரகணம் பார்த்ததாலோ வந்ததில்லை. குரூப்பில் யாராவது அப்படி எழுதினால் வாசிக்காமல் தாண்டிப் போங்கள்.

இந்தப் பிள்ளைகளின் நடமாட்டத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு முறை 1997இல் கனடாவில் வெளியானது. இப்போது உலகம் முழுக்க அதைத்தான் பாவிக்கிறோம். முதலாம் நிலைப் பிள்ளை ஓடும், படி ஏறும், கொஞ்சம் தடுமாறும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தி வைத்திருக்கவே உதவி வேண்டும். உங்கள் மகனைக் காணாமல் அவன் எந்த நிலை என்று நான் சொல்லக் கூடாது. அடுத்த கிளினிக்கில் நீங்களே கேளுங்கள், "மிஸ், என்ட மகன் எத்தனையாம் நிலை?" என்று. அந்த ஓர் எண் தெரிந்தால் இணையத்தில் வருவதில் பாதியை நீங்களே கழித்துவிடலாம். இரண்டாம் நிலைப் பிள்ளை நடப்பதைக் காட்டி நாலாம் நிலைப் பிள்ளையின் தாயிடம் காசு கேட்பவர்கள் அந்த எண்ணைச் சொல்லவே மாட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை நான் இரண்டு மூன்று தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீங்களும் சத்தத்தைக் குறைத்துவிட்டு இன்னொருமுறை பாருங்கள். முதல் காட்சியில் அந்த மனிதர் பிள்ளையின் இரண்டு கணுக்காலையும் பிடித்து வெடுக்கென்று அகட்டுகிறார். பிள்ளை வாய் திறந்து அழுகிறது, மேலே பாட்டுப் போட்டிருப்பதால் அழுகை கேட்கவில்லை. அடுத்த காட்சியில் அதே பிள்ளை வோக்கரைப் பிடித்து நடக்கிறது. முதலில் மொட்டைத் தலை. நடக்கும்போது முடி காதை மூடியிருக்கிறது, ஆளும் உயர்ந்திருக்கிறது. இடையில் எத்தனை மாதம் போயிற்று? காலில் தாங்கியாகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்டை யார் செய்து கொடுத்தார்கள்? அந்த மாதங்களில் வேறு என்ன சிகிச்சை நடந்தது? ஒன்றும் சொல்லவில்லை. வெடுக்கென்று இழுத்ததால் நடந்தது என்று நம்ப வைத்திருக்கிறார்கள்.

விறைப்பின் குணமே, எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்களோ அவ்வளவுக்கு அது எதிர்த்து இறுகும். அழுதால் இன்னும் இறுகும். அதோடு, நின்று நடக்காத பிள்ளைகளின் எலும்பு மெலிந்திருக்கும், பலமாக வளைத்தால் தொடையெலும்பு முறிந்துபோகலாம். மாமி எண்ணெய் பூசி மெதுவாக உருவிவிடுவதில் பிழையில்லை, பிள்ளைக்கு அது சுகமாகவும் இருக்கும். சுளுக்கு எடுக்கிறோம் என்று மூட்டை முறுக்குவதற்கு மட்டும் யாரையும் விட வேண்டாம்.

இனி நான் சொல்வதை எந்த வீடியோவிலும் நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். இடுப்பு மூட்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் நிற்க வேண்டும். தொடையின் உட்பக்கத் தசை விறைத்து இழுத்துக்கொண்டே இருந்தால், அந்தத் தலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். ஆரம்பத்தில் நோகாது, வெளியில் தெரியவும் மாட்டாது. தெரியவரும்போது பிள்ளைக்கு நிமிர்ந்து இருக்க முடியாது, காலை அகட்டிக் கழுவவும் முடியாது, இரவெல்லாம் அழும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், முதலாம் நிலைப் பிள்ளைகளில் ஒருவருக்கும் இடுப்பு நகரவில்லை. நாலாம் நிலையில் பத்துப் பேருக்கு ஏழு பேரளவில், ஐந்தாம் நிலையில் ஒன்பது பேரளவில் நகர்ந்திருந்தது. சுவீடனில் 1994இலிருந்து இந்தப் பிள்ளைகளைப் பதிந்து ஒழுங்காக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அங்கே இடுப்பு முழுதாக விலகிப்போவது மிகவும் குறைந்துவிட்டது. முன்கூட்டிக் கண்டால் செய்ய வழி இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். உங்கள் மகன் நாலு வயதாகியும் தானாக இருப்பதில்லை என்கிறீர்கள். அவனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுத்தார்கள்? எடுக்கவில்லை என்றால், அல்லது ஒரு வருடம் தாண்டிவிட்டது என்றால், அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சனம் நிறைந்த கிளினிக்கில், கேட்கிற தாயின் பிள்ளையைத்தான் ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பார்கள். அது சரியா பிழையா என்பது வேறு கதை, ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

ஸ்டெம் செல், அதாவது உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல் பற்றி உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், இந்தப் பகுதியை அவருக்கு அனுப்புங்கள். அதில் ஆராய்ச்சி நடக்கிறது, பொய்யில்லை. சில ஆய்வுகளில் சிறிய முன்னேற்றம் கண்டும் இருக்கிறார்கள். ஆனால் எந்தச் செல், எவ்வளவு, எந்த வயதில், எந்தப் பிள்ளைக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சில நோய்களுக்கு மட்டுமே இதைச் சிகிச்சையாகக் கொடுக்கலாம், மற்ற எதற்கும் பதிவுசெய்த ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம் என்று தெளிவாக இருக்கிறது. உண்மையான ஆய்வில் பிள்ளையைச் சேர்த்தால் பரிசோதிக்கும் மருந்துக்குப் பொதுவாகப் பெற்றாரிடம் காசு வாங்கமாட்டார்கள். உங்களிடம் முதல் கதையிலேயே லட்சக் கணக்கில் சொன்னார்கள் என்றால், அது ஆய்வு இல்லை.

"அப்படியென்றால் அங்கே போன பிள்ளைகள் எப்படித் தேறின?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. கனடாவில் 2001இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் தேறுவார்கள் என்று அப்போது ஒரே பேச்சு. 111 பிள்ளைகளை எடுத்து, ஒரு பகுதிக்கு அந்த ஒட்சிசனைக் கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு, அதே மாதிரி அறைக்குள் சற்றே அழுத்தம் கூட்டிய வெறும் காற்று. யாருக்கு எது என்று பெற்றாருக்குத் தெரியாது. முடிவில் இரண்டு பக்கமும் தேறியிருந்தது, இரண்டும் ஒரே அளவில். பிள்ளைகள் வளர்கிறார்கள், எல்லோரும் அவர்களோடு நேரம் செலவழிக்கிறார்கள், அம்மா அப்பாவின் கண் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் தேடுகிறது. அந்த மற்றப் பகுதி இல்லாமல் இருந்திருந்தால், ஒட்சிசன்தான் சுகமாக்கியது என்று எல்லோரும் சத்தியம் பண்ணியிருப்பார்கள். முன்பு இப்படி, பின்பு இப்படி என்று காட்டும் எல்லா வீடியோவிலும் அந்த மற்றப் பகுதிப் பிள்ளைகள் இல்லை.

காணி உங்கள் மகனுக்கு வேண்டும், தங்கச்சி. அவன் வளர்ந்து ஆளாகும்போது சில்லுக் கதிரை போகிற மாதிரி ஒரு வாசல், ஒரு குளியலறை கட்ட வேண்டும். அந்தக் காசுக்கு வேலை இருக்கிறது.

அப்படியானால் எதை நம்பிச் செய்வது? 2013இல் அயோனா நோவாக் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், செரிப்ரல் பால்ஸிக்குச் செய்யப்படும் சிகிச்சைகளை எல்லாம் சேர்த்துப் வீதி விளக்கைப் போலப் பச்சை (செய்யலாம்), மஞ்சள் (யோசித்துச் செய்யலாம்), சிவப்பு (வேண்டாம்) என்று பிரித்துப் போட்டார்கள். 2020இல் அதைப் புதுப்பித்தார்கள். பச்சையில் இருப்பவற்றில் பல, வீட்டில் தாய் செய்யக்கூடியவை. பிள்ளை தானாக முயற்சி செய்து, தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பப் பழகுவது அதில் முக்கியமானது. பிள்ளை சும்மா கிடக்க, பெரியவர் கை காலை ஆட்டிக் கொடுப்பது அந்தப் பச்சையில் இல்லை. ஆகவே மகனுக்கு என்ன ஆசை என்று பாருங்கள். தண்ணீர்க் கோப்பையைத் தானே பிடிக்க ஆசையா, பந்தைத் தள்ளிவிட ஆசையா, அப்பா வீடியோ கோலில் வரும்போது நிமிர்ந்து இருக்க ஆசையா. ஒன்றை மட்டும் எடுங்கள். பிசியோ மிஸ்ஸிடம் அதைச் சொல்லி, அதற்கு எப்படிப் பழக்குவது என்று கேளுங்கள். பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்திலும் விளையாட்டு நேரத்திலும் அதையே செய்யுங்கள்.

இணையத்தில் பார்த்துப் பழக நல்லதொன்று சாப்பாடு ஊட்டுவது. நம் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தண்ணியாகக் கரைத்து ஊற்றுகிறார்கள். சிந்தாமல் உள்ளே போகும் என்பதால் செய்கிறார்கள். போவது சில நேரம் சுவாசக் குழாய்க்குள். அடிக்கடி சளி, நெஞ்சுக்குள் கரகரப்பு, காரணம் தெரியாத காய்ச்சல் என்று பிள்ளை ஆஸ்பத்திரியும் வீடுமாகத் திரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். மகனை நிமிர்த்தி இருத்துங்கள். இடுப்பு மடிந்து பின்னால் ஒட்டி இருக்க வேண்டும், பாதம் எதன் மேலாவது ஊன்ற வேண்டும், தலை ஒரு பொட்டு முன்னால் குனிந்திருக்க வேண்டும். கதிரை இல்லையென்றால் அறையின் மூலையில், இரண்டு சுவரும் சேரும் இடத்தில் இருத்தி இரு பக்கமும் தலகணி கொடுங்கள், முழங்கால்களுக்கு இடையில் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள். நீங்கள் அவனுக்கு எதிரே, அவன் கண் மட்டத்துக்கு இருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவன் அண்ணாந்துதான் வாங்குவான். சோற்றைப் பருப்போடு நன்றாகக் குழைத்து, கரண்டியில் ஒட்டி நிற்கும் பதத்தில், சின்னக் கரண்டியால் கொடுங்கள். விழுங்கிவிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். சாப்பிட்டு முடிந்ததும் அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். சாப்பிடும்போது இருமினால், கண் கலங்கினால், குரல் ஈரமாகக் கேட்டால், ஒரு நேரச் சாப்பாடு அரை மணித்தியாலத்தைத் தாண்டினால், அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும். நிறையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"எல்லாம் விளங்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. செரிப்ரல் பால்ஸி உள்ள பிள்ளைகளில் பாதிப்பேரளவுக்கு அறிவு வளர்ச்சியிலும் தாமதம் இருக்கும், மற்றப் பாதிக்கு இல்லை. கதைக்காத பிள்ளைக்கு விளங்காது என்று ஊரில் நினைத்துக்கொண்டு அவன் முன்னாலேயே கண்டதையும் கதைப்பார்கள். அவனுக்குக் கதைக்க ஒரு வழி கொடுங்கள். ஓம் என்றால் மேலே பார்க்கப் பழக்கலாம், இல்லை என்றால் கண்ணை மூடப் பழக்கலாம். சோறு, தண்ணி, மலசலகூடம், வெளியே போவது, அப்பா என்று ஐந்தாறு படங்களை மட்டையில் ஒட்டி, கண்ணாலோ கையாலோ காட்ட விடுங்கள். படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று குரூப்பில் சொல்வார்கள். அப்படி நடப்பதில்லை. காது கேட்பதையும் கண் பார்வையையும் சோதித்தாயிற்றா என்பதையும் கேட்டு வையுங்கள்.

சரி, எங்கே தேடுவது? படங்களோடு, பெற்றாருக்கென்றே செய்த 'கெட்டிங் டு நோ செரிப்ரல் பால்ஸி' என்ற பயிற்சிக் கையேட்டை இலவசமாக இறக்கலாம். வங்கதேசத்துக் கிராமங்களில் தாய்மாரோடு இருந்து உருவாக்கியது, பிறகு ஆபிரிக்காவிலும் பாவிக்கிறார்கள். தூக்குவது, இருத்துவது, ஊட்டுவது எல்லாம் படமாக இருப்பதால் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பாதி விளங்கும், மீதிக்கு ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளையை வைத்து வாசியுங்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கன்சைல்ட் என்ற ஆராய்ச்சி நிலையம் பெற்றாருக்கென்று எழுதுபவை நம்பத்தக்கவை. தமிழில் என்றால், சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யா சாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் போன்ற, இந்தப் பிள்ளைகளோடு நெடுங்காலம் வேலை செய்கிற இடங்கள் இருக்கின்றன. விளம்பரம் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்ப்பதைவிட, இப்படியான பெயர்களை நீங்களே தேடிப் போய்ப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக் குரூப்களில் ஒரு கவனம் வேண்டும். யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அட்டை எடுங்கள், நிராமயா காப்புறுதி போடுங்கள் என்று அங்கே எழுதுவது அந்த நாட்டுக்குச் சரி, நமக்குப் பொருந்தாது. இலங்கையில் நமக்கு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, உதவிகள் பிரதேச செயலகம் வழியாக வருகின்றன. திருக்கோவில் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, மாதாந்தக் கொடுப்பனவு, சில்லுக் கதிரை, விசேட கதிரை ஆகியவற்றுக்கு விண்ணப்பம் கொடுங்கள். வைத்தியச் சான்றிதழ் கேட்பார்கள், அதைக் கிளினிக்கிலேயே முன்கூட்டி எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் ஐந்து வயதாகிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் இப்போதே கதைக்கத் தொடங்குங்கள். நடக்கமாட்டான் என்பது பள்ளிக்கூடம் போகாமல் இருக்கக் காரணமில்லை.

அதே குரூப்களில் மருந்துக் கதையும் வரும். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு மில்லிகிராம் கொடுத்தோம், விறைப்பு விட்டுப்போனது என்று. அந்த அளவு அந்தப் பிள்ளையின் நிறைக்கு உரியது. பக்லோஃபென் போன்ற விறைப்பு மருந்தையும் வலிப்பு மருந்தையும் யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆபத்தாகப் போய்விடும். இந்தப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு வலிப்பும் வரும் என்பதால் இதையும் தெரிந்து வையுங்கள். வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

படங்களைப் பற்றி ஒன்று. மகனின் உடுப்பில்லாத படத்தையோ, அழும் வீடியோவையோ, பெயரும் முகவரியும் தெரிகிற ரிப்போர்ட்டையோ எந்தக் குரூப்பிலும் போட வேண்டாம். பிள்ளையின் படத்தை எடுத்து, வேறு ஒருவரின் வங்கி இலக்கத்தைப் போட்டுக் காசு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெம் செல்காரருக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, இனி அவர்கள் எடுக்கும் அழைப்புக்குப் பதில் சொல்லாமல் விடுங்கள்.

உங்களுக்கு மிகவும் பயன்படப்போகும் குரூப் கிளினிக் வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். அக்கரைப்பற்றிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் தம்பிலுவிலிலிருந்தும் வந்து காத்துக்கொண்டிருக்கும் தாய்மார். ஐந்தாறு பேரின் நம்பரை வாங்கி வட்ஸ்அப்பில் ஒரு சின்னக் குரூப் போடுங்கள். எழுத வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்கள் குரலில் அனுப்பட்டும். மருந்து அளவு போடக் கூடாது, விற்பனை கூடாது, எங்கிருந்தோ வந்த வீடியோவைத் தள்ளிவிடக் கூடாது, இவ்வளவு கட்டுப்பாடு போதும். பிசியோ எந்தக் கிழமை லீவு, ஸ்பிளின்ட் எங்கே அளவு எடுக்கிறார்கள், கதிரையை எந்தத் தச்சன் சரியாகச் செய்து தந்தான், பஸ்ஸில் யார் இடம் விட்டார்கள், இரவு இரண்டு மணிக்கு யார் முழித்திருக்கிறார்கள், இதை எந்த வெளிநாட்டு இணையதளமும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. வங்கதேசத்திலும் கானாவிலும் நான் சொன்ன கையேட்டை வைத்துத் தாய்மார் மாதம் ஒருமுறை கூடிப் படித்தார்கள். உங்கள் குரூப்பும் ஒரு மரநிழலில் அப்படிக் கூடலாம். மகன்மாரையும் மகள்மாரையும் கூட்டிக்கொண்டே கூடுங்கள், அவர்களுக்கும் கூட்டாளிகள் வேண்டும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே கடற்கரைக்குப் போகும்போது அவனையும் தூக்கிக்கொண்டு போங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

மாமியின் நேர்த்திக்கடனைத் தடுக்காதீர்கள். சித்திரவேலாயுதரிடம் வைக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். நின்றபடி ஊட்டாமல் எதிரே இருந்து ஊட்டுவது எப்படி என்று அவவுக்கும் காட்டிக் கொடுங்கள், உங்களுக்கு இன்னும் இரண்டு கை கிடைக்கும்.

வீட்டுக்காரரைப் பற்றியும் யோசித்தேன். தூரத்தில் இருக்கிற தகப்பன் வீடியோ அனுப்புவது, அவரால் வேறொன்றும் செய்ய முடியாததால்தான். அவருக்கு வேலை கொடுங்கள். தினமும் ஒரே நேரத்துக்கு வீடியோ கோலில் வந்து மகனுக்குக் கதை சொல்லட்டும், அந்த நேரம் முழுக்க நீங்கள் அவனை மூலையில் நிமிர்த்தி இருத்தி வையுங்கள். முதுகுத் தசைக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் எழுதித் தரமாட்டேன். அப்புறம் உங்கள் முதுகு. நாலு வயதுப் பிள்ளையைக் குனிந்து கையை நீட்டித் தூக்காதீர்கள். கிட்ட வந்து முழங்காலை மடித்து, அவனை நெஞ்சோடு அணைத்து எழும்புங்கள். மனம் தாங்காத இரவுகளில் 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் இருந்து கதைப்பார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு முதல்நாள் மூன்று சின்ன வீடியோ எடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். அவன் சாப்பிடுவது ஒன்று, மூலையில் இருப்பது ஒன்று, தரையில் தன் பாட்டில் விளையாடுவது ஒன்று. பக்கவாட்டில் இருந்து, முழு உடம்பும் கால் பாதமும் தெரிய எடுங்கள். கிளினிக்கில் அழுதுகொண்டு விறைத்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பதைவிட அந்த மூன்று நிமிடத்தில் எங்களுக்கு நிறையத் தெரியும். ஒரு கொப்பித் தாளில் மூன்று கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனையாம் நிலை, இடுப்பு எக்ஸ்ரே எப்போது, நாங்கள் தெரிந்தெடுத்த அந்த ஒரு காரியத்துக்கு வீட்டில் என்ன செய்வது. தாளை மேசையில் வைத்துவிட்டு, மூன்றுக்கும் பதில் வந்த பிறகு எழும்புங்கள்.